கரையைக் கேட்டு வந்தவர்கள்

புன்னைமுனை
18.02.2024

அன்பின் அத்தானுக்கு,

நானும் மகளும் அப்பாவும் சுகம். உங்கள் முதுகு நோவு குறைந்ததா? உங்கள் முகாமில் சமைக்கிற றிப்ஷான் நானா காத்தான்குடியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைப் பூசினீர்களா?

ஞாயிற்றுக்கிழமைப் போன் எனக்கு அலுத்துப் போய்விட்டது. முகாம் கந்தோரில் உங்களுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். “சாப்பிட்டியா, பிள்ளை என்ன செய்யிது” என்று கேட்டு முடிவதற்குள் லைன் போய்விடுகிறது. நெஞ்சில் இருப்பதை அத்தனை பேர் முன்னால் எப்படிக் கதைப்பது? கொழும்பு ஏஜென்சியில் கொடுத்தால் கம்பனிப் பையில் கொங்கோ வரை கடிதம் வரும் என்றார்கள். மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. கடிதம் பாதியில் அறுந்து போகாது.

மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். கடலைக் கண்டால் ஓடுகிறாள். அலை வந்தால் திரும்பி ஓடிவந்து என்னை அடிக்கிறாள், நான்தான் அலையை அனுப்பிவிட்டேன் என்பதுபோல.

ஒரு செய்தி. எங்கள் கரைக்கு ஒரு லொறியும் சில ஆட்களும் வந்திருக்கிறார்கள். அப்பாவின் கரைவலை இழுக்கிற இடத்திலேயே குழாய் இறக்கி, அடியில் உள்ள கறுப்பு மணலை எடுத்துப் பைகளில் கட்டுகிறார்கள். களுவாஞ்சிக்குடி யோகராசாதான் கம்பனியின் உள்ளூர் ஆள். அந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் உலகத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ற் செய்கிறார்களாம். “சும்மா பரிசோதனைதான் தங்கச்சி” என்கிறார். கம்பனி சீனாக்காரருடையது. உங்களுடையதும் அந்த நாட்டுக் கம்பனிதானே!

அதனால் ஊரில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். மாதர் சங்கத்திலும் இதே கதைதான். “உன்ட மனிசன் அவங்களோடதானே இரிக்காரு, கேட்டுச் சொல்லன் கா” என்கிறார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலத்தில் இருக்கிறோம். கரையில் உள்ள மணல்மேடு போனால் எங்கள் கிணறுகள் உப்பாகிவிடுமோ என்று அப்பா பயப்படுகிறார்.

நீங்கள் தோண்டுகிற இடத்திலும் முன்பு ஊர் இருந்திருக்கும்தானே. அந்தச் சனத்துக்கு என்ன செய்தார்கள்? அதை எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்சா


சுரங்க முகாம்
24.03.2024

அன்பின் கம்சா,

உன் கடிதம் கைக்கு வந்தது. நான் சுகமாக இருக்கிறேன், நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். முதுகு பரவாயில்லை. எண்ணெய் முடிந்துவிட்டது.

கடிதத்தை முதலில் நான் மண் வெட்டுகிற பெக்கோ மெசினின் சீட்டில் இருந்து வாசித்தேன். பிறகு குசினியில் றிப்ஷானுக்கு அலைக்கதையை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டான். அவன் மகளும் இந்த வயதுதான்.

இங்கே மண் சிவப்பு. வெட்ட வெட்ட உள்ளே பச்சைக் கல் வரும், செம்பு. அதோடு கோபால்ட் என்று இன்னொன்று. போன் பற்றரிக்கும் கார் பற்றரிக்கும் அதுதான் வேண்டுமாம். லொறி லொறியாகப் போகிறது, கப்பலேறிச் சீனாவுக்கு. உன் போனுக்குள்ளும் இந்த ஊர் மண் கொஞ்சம் இருக்கும்.

முகாம் வாசலில் ஒரு அம்மா மாவுருண்டை பொரித்து விற்கிறார். பெயர் செலின். எல்லோரும் செலின் மாமா என்பார்கள். இங்கே மாமா என்றால் அம்மா. உன் அப்பாவை நான் கூப்பிடுகிற பெயரில் ஒரு பெண்ணைக் கூப்பிட முதலில் சிரிப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. என்னைக் கண்டால் ஒரு உருண்டை கூடப் போடுவார். காலையில் அதைச் சாப்பிடும்போது ஊர் வாய்ப்பன் நினைவு வரும், நீ அடுப்படியில் நிற்பது நினைவு வரும். பிறகு வேலை ஓடாது.

சீனாக்காரரைப் பற்றிக் கேட்டாய். அவர்களுக்கு வேலை என்றால் வேலை. சம்பளம் பிந்தியதில்லை. றோட்டுப் போட்டிருக்கிறார்கள், ஒரு மருந்துச்சாலையும் கட்டியிருக்கிறார்கள்.

மகளைக் கடற்கரையில் தனியே விடாதே.

உன் தனோஜன்


புன்னைமுனை
20.04.2024

அன்பின் அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வருடப்பிறப்பு வந்து போனது. மகளுக்கு மஞ்சள் சட்டை. அப்பா கைவிசேடம் கொடுக்க, அவள் நாணயத்தை வாயில் போட்டு எல்லோரையும் ஓடவைத்தாள்.

யோகராசா பாலர் பாடசாலைக்குப் புத்தகப்பைகள் கொண்டுவந்து தந்தார். நான் படிப்பிக்கிற பிள்ளைகள் முதுகை விடப் பெரிய பையைக் கொழுவிக்கொண்டு திரிகிறார்கள். குழாய் இறக்குகிறவர்கள் இப்போது வாவிப் பக்கமும் வந்துவிட்டார்கள். வலை இழுக்கும் நேரம் தள்ளிப் போகச் சொல்லி அப்பாவோடு வாக்குவாதமும் நடந்தது.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை. றோட்டும் மருந்துச்சாலையும் சரி. அங்கே முன்பு இருந்த சனம் எங்கே? ஞாயிறு போனில் கேட்டபோதும், “எழுதுறன், எழுதுறன்” என்று வைத்துவிட்டீர்கள். எழுதுங்கள்.

வாய்ப்பன் சுட்டேன். நீங்கள் இல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கம்சா


சுரங்க முகாம்
02.06.2024

அன்பின் கம்சா,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். கடிதம் பிந்தியதற்குக் கோபிக்காதே. வேலை கூடிவிட்டது, குழியை வடக்கே அகலிக்கிறார்கள். இங்கே இப்போது குளிர். விடியும்போது பெக்கோவின் இரும்பில் கைவைக்க முடியாது.

எங்கள் மேற்பார்வையாளர் மிஸ்டர் வெய். இளைத்த மனிதர், அதட்டிப் பேசமாட்டார். மகளின் படத்தைக் காட்டினார். அவளுடைய பள்ளிக்கூட விழா எதற்கும் அவர் போனதில்லையாம். அவருடைய ஊரையும் நிலக்கரிக்காக ஒருகாலம் தோண்டினார்களாம். “இப்ப எல்லாரும் மாடி வீட்டில. கிழவிமாருக்குத்தான் லிப்ட் பயம்” என்று இங்கிலீசில் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்தபிறகு மகளின் படத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டு குழிப் பக்கம் போனார்.

செலின் மாமா இப்போது வாசலுக்கு வருவதில்லை.

உங்கள் பக்கம் வேலை தொடங்கினால் எத்தனை மெசின் வருமாம்? ஓட்டுகிறவர்களை வெளியில் இருந்து கொண்டுவருவார்களா, உள்ளூரில் எடுப்பார்களா? யோகராசா ஏதும் சொன்னாரா? சும்மா கேட்டேன்.

மகளுடைய காலடி எவ்வளவு பெரிது என்று எழுது. ஒரு செருப்பு பார்த்திருக்கிறேன்.

உன் தனோஜன்


புன்னைமுனை
30.06.2024

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் நலம். உங்களைப் பற்றி இன்று மட்டும் கேட்கமாட்டேன். கோபமாக இருக்கிறேன்.

கண்ணகி அம்மன் சடங்கு முடிந்த மறுநாள் யோகராசா வீட்டுக்கு வந்தார். “தங்கச்சி, நல்ல செய்தி. இஞ்ச வேலை தொடங்கினா தனோஜன்தான் முதல் ஒப்பரேட்டர். அங்க இருக்கிற வெய் எழுதிக் குடுத்திரிக்காரு. தனோஜனும் ஓம் எண்டுட்டாரு. உனக்குத் தெரியாதா?” என்றார்.

எனக்குத் தெரியாது. யோகராசாவுக்குத் தெரிகிறது.

“தெரியும்” என்று பொய் சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் போனபிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் என்று நினைக்காதீர்கள். ஆசையில் அழுதேன். பின்னேரம் வேலை முடிந்து இந்தப் படலையைத் திறந்துகொண்டு நீங்கள் வருவீர்கள். காலெல்லாம் மணல் இருக்கும். கிணற்றடியில் நான் தண்ணீர் அள்ளி ஊற்றுவேன். மகள் உங்களைக் கண்டு முதலில் பயந்து என் பின்னால் ஒளிவாள். இதையெல்லாம் நினைத்துப் பார்க்கக்கூடாது என்று இத்தனை காலம் கட்டிவைத்திருந்தேன். அந்த மனிதர் ஒரு கதையில் அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஊர்க்கூட்டம் ஆவணியில். பிரதேச செயலகத்திலிருந்தும் வருவார்களாம். சனம் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். மாதர் சங்கம் சார்பில் நான் எழும்பி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

கம்சா


சுரங்க முகாம்
25.07.2024

என் கம்சா,

நீயும் பிள்ளையும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

யோகராசா சொன்னது உண்மை. வெய் கேட்டார், “உன்ட ஊர்ப் பக்கம் எங்கட நாட்டாக்கள் போறாங்களாம், போறியா?” என்று. நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாக ஓம் என்றுவிட்டது. உறுதியாகட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். உனக்கு ஆசை காட்டிவிட்டு அது நடக்காமல் போனால் உன்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். என்னாலும் முடியாது.

கம்சா, வருகிற தையோடு ஒப்பந்தம் முடிகிறது. முடிந்து வந்தால் எங்கே வேலை? பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டுகிற காலம் போய்விட்டது. இங்கேயே நின்றால் பிள்ளை என்னைத் தெரியாமல் வளர்வாள். இங்கே உள்ளவர்கள் எல்லோரும் இப்படித்தான். படத்தைப் பார்த்துப் பிள்ளை வளர்க்கிறார்கள். எனக்கு இந்தச் சிவப்பு மண் போதும். இரவில் கண்ணை மூடினாலும் சிவப்பாகத்தான் தெரிகிறது. உன் தலைமயிரில் இருக்கும் புகை மணத்தை நினைத்துப் பார்க்கிறேன், இப்போது அது சரியாக நினைவுக்கு வருவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கூட்டத்தில் சனம் கேட்டால், நல்லவர்கள் என்று சொல். கெட்டவர்கள் இல்லைதானே. வெய்யைப் பற்றி எழுதினேனே.

உன் தனோஜன்


புன்னைமுனை
11.08.2024

அன்பின் அத்தானுக்கு,

எல்லோரும் நலம். கூட்டம் புரட்டாதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதற்குமுன் இது உங்களிடம் வந்துசேர வேண்டும் என்று மகளையும் தூக்கிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குப் போய் விரைவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்புகிறேன்.

உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். பங்குனியில் செலின் மாமாவைப் பற்றி அவ்வளவு எழுதினீர்கள். ஆனியில் குழியை வடக்கே அகலிப்பதாக எழுதிவிட்டு, அவர் வருவதில்லை என்று ஒரு வரி எழுதினீர்கள். ஆடியில் அந்தப் பெயரே இல்லை. சோறு தந்தவர்களை மறக்கிற ஆள் இல்லை நீங்கள்.

அவர் எங்கே போனார்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். என்ன பதிலாக இருந்தாலும் நான் உங்கள் கம்சாதான்.


சுரங்க முகாம்
15.09.2024

என் கம்சா,

உன் கடிதம் வந்த கிழமை லீவு எடுத்துக்கொண்டு றிப்ஷானோடு போனேன். உனக்கு எழுதுவதென்றால் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

செலின் மாமாவின் ஊர் சுரங்கத்துக்கு வடக்கே இருந்தது. வைகாசியில் அந்தச் சனத்தை லொறியில் ஏற்றித் தூரத்தில் ஒரு வெளியில் இறக்கினார்கள். தகரக் கூரை, சீமெந்து நிலம், வரிசையாக வீடுகள். பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் இல்லை. கம்பனி அடித்த குழாய்க் கிணறு வற்றிவிட்டது. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்தால் வெயில் ஏறித்தான் திரும்பலாம். அவர்கள் மரவள்ளி நட்ட மண் இப்போது எங்கள் குழிக்குள். வாசலுக்கு வந்து மாவுருண்டை விற்க பஸ் இல்லை.

மாமா என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார். றிப்ஷானுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். “இங்கே அடுப்பு மூட்டினால் யாருக்கு விற்கிறது, எல்லாரும் என்னைப்போல” என்று சொன்னாராம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வீடுகளை இடித்தது நான் இல்லை. ஆனால் இடித்த இடத்தில் மண்ணை வெட்டுவது நான்தான்.

மாசியில் நீ கேட்டபோது பாதி தெரியும். ஆனியில் எல்லாம் தெரியும். எழுதினால் நீ சனத்துக்குச் சொல்லாமல் இருக்கமாட்டாய், அப்படியானால் நான் ஊருக்கு வர முடியாது. அதனால் எழுதவில்லை. வெய்யிடம் இன்று போய், ஊர் வேலைக்கு என் பெயரை வெட்டச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டுமென்றால் வாசி.

உன் தனோஜன்


புன்னைமுனை
30.09.2024

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. போனிலும் உங்கள் குரல் வந்து வந்து போனது. கூட்டம் நேற்று முன்தினம் முடிந்துவிட்டது. நடந்ததை வேறு ஆள் சொல்லிக் கேட்க வேண்டாம், நானே எழுதுகிறேன்.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. யோகராசா படம் போட்டுக் காட்டினார். பிறகு மைக்கை என்னிடம் தந்து, “தனோஜன்ட மனிசி ரெண்டு வார்த்தை சொல்லுவா” என்றார்.

எழும்பினேன். சொன்னேன்:

“என்ட மனிசன் இவங்கட நாட்டுக் கம்பனியிலதான் வேலை செய்யிறாரு. அங்க இருந்த சனம் எங்க போனாங்க எண்டு நான் மாசியில இருந்து கேக்கிறன். சாப்பாடு, குளிர், செருப்பு எல்லாத்துக்கும் பதில் வந்தது. இதுக்கு மட்டும் வரல்ல. அவருக்குப் பொய் சொல்லத் தெரியா. நல்லா இரிக்காங்க எண்டு ஒரு வரி எழுதியிருந்தா நான் நம்பியிருப்பன். அவரால அத எழுத ஏலாம இரிக்கி. அதுதான் எனக்குப் பதில். நான் சம்மதிக்க மாட்டன்.”

பிறகு சீதேவிப்பிள்ளை அக்கா எழும்பினா. “என்ட மகன் வேலையில்லாம வீட்டில இரிக்கான். உனக்கு மாசம் மாசம் வருது, நீ சொல்லுவாய்” என்றா. அந்தத் தாய் சொன்னதும் பொய் இல்லைதானே. ஆனால் கையுயர்த்தச் சொன்னபோது வேண்டாம் என்றவர்கள்தான் கூட. அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். குழாய் லொறி இன்று காலை போய்விட்டது. அக்கா என்னோடு கதைப்பதில்லை.

ஊர் முழுக்கக் கேட்க உங்களைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டேன். நீங்கள் வரும் வழியையும் என் வாயாலேயே அடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மகளுக்குச் சோறு ஊட்டினேன், அவள் சாப்பிட்டாள்.

கோபமென்றால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

உங்கள் கம்சா


புன்னைமுனை
03.11.2024

அத்தான்,

நாங்கள் சுகம். நீங்கள் புரட்டாதியில் எழுதியது இன்றுதான் வந்தது. பை எங்கோ கிடந்து வந்திருக்கிறது. படலையில் நின்றபடியே வாசித்தேன், அழுதுவிட்டேன். அப்பா பயந்துபோய் “என்ன மகள், என்ன” என்று ஓடிவந்தார்.

நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதவில்லை என்று நான் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். நாளை மாதர் சங்கத்தில் இந்தக் கடிதத்தை முழுதாக வாசிப்பேன். சீதேவிப்பிள்ளை அக்கா வீட்டுக்கும் கொண்டுபோவேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியில் நின்று வாசிப்பேன்.

இனி உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. எப்போது வருவீர்கள்? எனக்கு ஆறுதலாக எழுத வேண்டாம். உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் கம்சா


சுரங்க முகாம்
08.12.2024

என் கம்சா,

ஊரில் வெள்ளம் என்று றிப்ஷான் சொன்னான். நீங்கள் மூவரும் மேட்டில் பத்திரமாக இருந்தீர்கள் என்று அவன் வீட்டார் விசாரித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் சுகம்.

நீ கூட்டத்தில் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அந்த மண்டபத்தின் பின்வரிசையில் நின்று கேட்டிருக்க ஆசை. என் மனிசி என்று பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்லியிருப்பேன்.

கேட்டதற்குப் பதில். தையோடு வர நினைத்தேன். ஊரில் எனக்கு வேலை தருவார்களா என்று எல்லா இடமும் விசாரித்தேன். இல்லை. வேறு வழி தெரியாமல் போன கிழமை இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தேன். இடையில் ஆவணியில் ஒரு மாதம் லீவு தருகிறார்கள். ஆவணியில் வருவேன். அந்த மாதம் முடியத் திரும்பிப் போவேன். பிள்ளை என்னோடு பழகி முடியும்போது நான் புறப்படுவேன். இதுதான் உள்ளபடி.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதுகிற பெரிய மனம் எனக்கு இல்லை, கம்சா. காத்திரு.

உன் தனோஜன்